ஆறாம் நம்பர் ஆட்டக்காரி

உறைபனி விழ வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் கால்பந்துப் பொறுப்பாளர் உலகத்திலேயே நான் ஒருத்திதான் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். மற்ற கவுண்டிகளின், அதாவது மாவட்டங்களின், பொறுப்பாளர்களிடம் பேசிப் பார்த்தபோது எல்லாரும் அதே கட்சி என்று தெரிந்தது. வெள்ளிக்கிழமை படுக்கப் போகும்போது ஜன்னல் வழியாக வானத்தைப் பார்ப்பேன். மேகம் இல்லாமல் நட்சத்திரம் தெரிந்தால், விடிவதற்குள் பனி உறையும் என்று மனசுக்குள் ஒரு சந்தோஷம். காலையில் நடுவர் மைதானத்துக்குப் போய்க் குதிகாலால் தரையை இடித்துப் பார்த்து, "கல்லு மாதிரி கெடக்கு, ஆட முடியாது" என்று போன் பண்ணினால் போதும். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு மறுபடி தூங்கலாம்.

அந்த வருஷம் பனியும் ஏமாற்றியது. மழைதான் பெய்தது. மழையில் ஆட்டம் நிற்காது. சேறுதான் கூடும், சேறு கூடினால் எனக்குத் துவைக்கிற வேலை கூடும்.

என் பெயர் லோர்னா வேக்லின். பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆசிரியை. வாரத்தில் ஐந்து நாள் சம்பளத்துக்கு வேலை, ஆறாவது நாள் சும்மா வேலை. எங்கள் கவுண்டிப் பள்ளிகளின் பெண்கள் அணி, பதினாறு வயதுக்கு உட்பட்டவர்கள், என் பொறுப்பு. நானாகக் கேட்டு வாங்கியதில்லை. எங்கள் பள்ளிக் கால்பந்துச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு: கூட்டத்துக்கு யார் வரவில்லையோ அவர் தலையில்தான் பொறுப்பைக் கட்டுவார்கள். நான் கடைவாய்ப் பல் பிடுங்கப் போயிருந்த சாயங்காலம் என்னை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். பல் போன வலி மூன்று நாளில் அடங்கியது. இந்த வலி ஒன்பது வருஷமாகத் தொடர்கிறது.

இதில் எனக்கு வாய்த்த ஒரே துணை டெஸ்மண்ட் பாஸ்க். எங்கள் பள்ளியில் தச்சுவேலை வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த மார்ச்சில் எழுபது வயசு ஆக இருந்தது. அவருக்குக் கால்பந்து பற்றித் தெரிந்ததைவிடக் கதவுக் கீல் பற்றித் தெரிந்தது அதிகம். ஆனால் அவர் இல்லாவிட்டால் அணியே இல்லை, ஏனென்றால் மினி பஸ் ஓட்டுவது அவர்தான்.

இது எங்கள் நாட்டுச் சட்டத்தின் கோளாறு. தொண்ணூற்றேழாம் வருஷத்துக்கு முன்னால் கார் லைசென்ஸ் வாங்கியவர்கள் அதை வைத்தே மினி பஸ்ஸும் ஓட்டலாம். அதற்குப் பிறகு வாங்கியவர்கள் தனியாக ஒரு பரீட்சை கொடுக்க வேண்டும். நான் தொண்ணூற்றாறில் போன முதல் பரீட்சையில் ஒரு தபால் பெட்டியை இடித்துவிட்டேன். மறுபடி ஓட்டிக் காட்டிப் பாஸானது அடுத்த பிப்ரவரியில். ஒரு தபால் பெட்டி குறுக்கே நின்றதால் என் தலையெழுத்து மாறிப்போனது. எங்கள் பள்ளியில் பஸ் ஓட்டத் தகுதியுள்ளவர்கள் எல்லாம் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றுப் போனார்கள். இளசுகள் நாலு மொழி பேசுவார்கள், பஸ் ஓட்ட மாட்டார்கள்.

"மார்ச்சோட நான் முடிச்சுக்கறேன் கண்ணு," என்று டெஸ் செப்டம்பரிலேயே சொல்லிவிட்டார். "எழுபது ஆனா டாக்டர்கிட்ட போயி, கண்ணு காது எல்லாம் காட்டி, மறுபடி எழுதி வாங்கணும். யாருக்கு வேணும் அந்தத் தொல்ல? இந்த சீசன் வரைக்கும் ஓட்டிக் குடுத்துடறேன்."

எங்கள் ஊர்ப்பக்கத்தில் எல்லாரையும் "கண்ணு" என்பார்கள். கடைக்காரர் என்னைச் சொல்வார், நான் தபால்காரரைச் சொல்வேன். டெஸ் சொன்னால் மட்டும் உண்மையாகவே கூப்பிடுவது போல இருக்கும்.

அந்த சீசன் வழக்கம்போலத்தான் தொடங்கியது. பெரிய கிளப்புகள் நல்ல ஆட்டக்காரிகளை ஒன்பது வயசிலேயே அள்ளிக்கொண்டு போய்விடும். அவர்கள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியவர்களும் அவர்கள் கண்ணில் படாதவர்களும்தான் எங்களுக்கு. தேர்வு ஆட்டத்துக்கு இருபது பேர் வந்தார்கள்; அதில் இரண்டு பேர் ஹாக்கி என்று நினைத்து வந்தவர்கள். கோல்கீப்பர் கீலி ஸ்ட்ராசன் அணித்தலைவி ஆனாள். அவளைவிடச் சத்தமாகக் கத்த யாராலும் முடியாது என்பது ஒன்றே காரணம். ஓரத்தில் ஓட ரூட்டா கிடைத்தாள். அவளுடைய அப்பா அம்மா லித்துவேனியாவிலிருந்து வந்து எங்கள் ஊர்க் காய்கறி பேக்கிங் ஷெட்டில் வேலை செய்பவர்கள். ரூட்டா வாயைத் திறப்பது அபூர்வம். பந்து கிடைத்தால் பிடிக்க ஆளில்லை.

என் கெட்ட நேரம், இந்த அணி ஜெயிக்க ஆரம்பித்தது. முதல் சுற்றிலேயே தோற்றிருந்தால் நவம்பரோடு சனிக்கிழமைகள் எனக்குத் திரும்பக் கிடைத்திருக்கும். ஒவ்வொரு முறை ரூட்டா கோல் போட்டபோதும் நான் துள்ளிக் குதித்துக் கத்தினேன். கத்திவிட்டு, அடுத்த சுற்று எந்த ஊரோ, எத்தனை மைலோ என்று சோர்ந்துபோனேன். எங்கள் கவுண்டி நாட்டின் ஓரத்தில், கடலை ஒட்டிய தட்டை நிலத்தில் இருக்கிறது. எந்த ஊருக்குப் போனாலும் தூரம்தான்.

தூரம் போகும்போது பிள்ளைகள் போனில் மூழ்காமல் இருக்க டெஸ் ஒரு விளையாட்டு வைத்திருந்தார். சாலையோரப் பலகையை முதலில் பார்த்துச் சத்தமாகப் படிப்பவளுக்கு ஒரு பெப்பர்மின்ட் மிட்டாய்.

"இடது பக்கம் வடக்கு, நேராப் போனா சந்தைப்பேட்டை!" என்று கீலி பின்சீட்டிலிருந்து கத்துவாள்.

"ரவுண்டானா வருது சார், மூணாவது வழி!" என்று இன்னொருத்தி.

"சார், நாப்பதுதான் போகணுமாம்!" என்று மறுபடி கீலி.

"சபாஷ், கீலிக்கு ஒண்ணு," என்பார் டெஸ், மிட்டாய்ப் பையைத் தோளுக்கு மேலே நீட்டியபடி. அந்த சீசனில் கீலி தின்ற மிட்டாய்க்கு அவள் பல்லெல்லாம் கொட்டியிருக்க வேண்டும். நான் முன்சீட்டில் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டு வருவேன். நல்ல வாத்தியார், பிள்ளைகளை எப்படி விழிப்பாக வைத்திருக்கிறார் பார் என்று பெருமைகூடப் பட்டிருக்கிறேன்.

ஜனவரியில் காலிறுதி. மலைப்பக்கத்துக் கவுண்டிக்குப் போக வேண்டும், தொண்ணூறு மைல். வழியெல்லாம் தூறல். போகும்போது ஒரு ரவுண்டானாவில் டெஸ் கடைசி நொடியில் பிரேக் போட்டார். பின்னாலிருந்து தண்ணீர் பாட்டில் ஒன்று உருண்டு என் காலடிக்கு வந்தது. "இந்த வெள்ளைக் காரு எங்கேருந்து முளைச்சுது?" என்று அவர் திட்டினார். நானும் சேர்ந்து திட்டினேன். அந்தக் கார் அங்கேயேதான் இருந்தது, வெகுநேரமாக.

ஆட்டம் நன்றாக இருந்தது. இதை நான் சோர்வை மறந்து சொல்கிறேன். அவர்கள் அணியில் எட்டாம் நம்பர் போட்டிருந்த உயரமான பெண் ஒருத்தி, நடுவில் நின்று எங்களை ஆட்டிப் படைத்துவிட்டாள். இரண்டு கோலும் அவளுடையதுதான். ஆனால் ரூட்டா மூன்று போட்டாள். கடைசிக் கோலுக்கு அவள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆஃப்சைடு காட்ட அணிக்கு ஒருவர் எல்லைக்கோட்டில் கொடி பிடிக்க வேண்டும் என்பது முறை. எங்கள் பக்கம் டெஸ் பிடித்தார். முழு ஆட்டத்திலும் அவர் கொடியை ஒரு தடவைகூடத் தூக்கவில்லை. நியாயமான மனுஷன் என்று எதிர் அணிப் பெற்றோர்கள் பாராட்டினார்கள்.

ஆட்டம் முடிந்ததும் பள்ளிக்கூடக் கேன்டீனில் சாப்பாடு. வந்தவர்களுக்குச் சொந்த ஊர்க்காரர்கள் சாப்பாடு போட வேண்டும். அதுவும் எங்கள் கவுண்டிகளுக்குள் மாறாத வழக்கம். கறியும் உருளைக்கிழங்கு மசியலும், பிறகு கேக்கின் மேல் கஸ்டர்ட். கடைசியில் ஒரு சடங்கு உண்டு. ஒவ்வொரு அணியிலும் சிறந்த ஆட்டக்காரி யாரென்று எதிர் அணியின் பொறுப்பாளர்தான் சொல்வார். ஒரு சாக்லேட் டப்பா பரிசு. நான் தொண்டை கட்டிக் கிடந்ததால் டெஸ்ஸைச் சொல்லச் சொன்னேன்.

அவர்களுடைய பொறுப்பாளர் கிரகாம் ஹாலம், நரைத்த தாடிக்காரர், ரூட்டாவின் பெயரைச் சொல்லி டப்பாவைக் கொடுத்தார். பிறகு, "எங்க பக்கம் யாருன்னு டெஸ் சொல்லுவாரு," என்று உட்கார்ந்தார்.

டெஸ் எழுந்தார். "இதுல யோசிக்கறதுக்கு என்ன இருக்கு? நடுவுல நின்னு எங்க உசுர எடுத்தாளே, அந்த ஆறாம் நம்பர்தான்!"

யாரும் கைதட்டவில்லை. அப்புறம் ஒரு மேசையில் சிரிப்புக் கிளம்பி எல்லா மேசைக்கும் பரவியது. அவர்களுடைய ஆறாம் நம்பர், ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டு, கோட்டைப் போர்த்தியபடி கடைசிவரை பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண். இப்போதும் ஐஸ் பையைக் காலில் கட்டிக்கொண்டு, முகம் சிவக்க, தன்னைத்தானா என்று சுற்றிப் பார்த்தாள்.

டெஸ் சிரிப்பு வந்த பக்கம் தலையைத் திருப்பினார். ஒரு கணம்தான். "ஏன் சிரிக்கிறீங்க? குளிர்ல பெஞ்சில உக்காந்திருக்கறது லேசான காரியமா? நான் முப்பது வருஷமா அதத்தான் பண்றேன், எனக்கு ஒருத்தனும் சாக்லேட் குடுத்ததில்ல!"

கேன்டீனே அதிர்ந்தது. கிரகாம் மேசையைத் தட்டிச் சிரித்தார். சுளுக்குக்காரி நொண்டிக்கொண்டு வந்து டப்பாவை வாங்கிப் போனாள். எட்டாம் நம்பர் பெண்ணும் கைதட்டினாள், உதட்டை இறுக்கிக்கொண்டு. பெரிய மனசுக்காரர், அடிபட்ட பிள்ளையைத் தூக்கிவிட்டார் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

நான் மட்டும் கஸ்டர்ட் கரண்டியைக் கீழே வைத்தேன். இந்த மனுஷனுடைய வேடிக்கை எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். முதலில் கண் சிமிட்டும், பிறகுதான் வாய் திறக்கும். இது வேறு. சிரிப்புக் கேட்ட பிறகு செய்த ஒட்டுவேலை. அவர் எட்டைத்தான் ஆறு என்று படித்திருந்தார். முதுகு அகலத்துக்கு எழுதிய எண்ணை, ஒரு மணி நேரத்துக்கு மேல், எல்லைக்கோட்டில் நின்று.

அதற்குப் பிறகு மற்றதெல்லாம் வரிசையாக வந்து என் முன்னால் நின்றன. தூக்காத கொடி. முளைத்த வெள்ளைக் கார். பெப்பர்மின்ட். கடவுளே, பெப்பர்மின்ட்! சீசன் முழுக்கப் பதினான்கு பிள்ளைகள்தான் இந்த மனுஷனுக்குக் கண்ணாக இருந்து பஸ்ஸை ஓட்டியிருக்கிறார்கள். நான் பக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.

ஒருவேளை நான்தான் இல்லாத பேய்க்குப் பயப்படுகிறேனோ என்று ஒரு சோதனை செய்தேன். அவரை ஜன்னலுக்குக் கூட்டிப் போனேன். எங்கள் பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு சிவப்புக் கார் நின்றிருந்தது. நம்பர் பலகை எனக்குப் பளிச்சென்று தெரிந்தது.

"டெஸ், அந்தக் கார் நம்மள மறிச்சு நிக்குது. நம்பரச் சொல்லுங்க, கிரகாம்கிட்ட சொல்லி எடுக்கச் சொல்றேன். என் கண்ணாடி கோட்டுல இருக்கு."

அவர் ஜன்னலைப் பார்த்தார். கண்ணை இடுக்கவில்லை, முயற்சியே செய்யவில்லை. "மறிச்சா என்ன, சாப்பிட்டு அவனே எடுப்பான். இன்னொரு கேக்கு வாங்கிட்டு வரேன், உனக்கு வேணுமா கண்ணு?" என்று பரிமாறும் பக்கம் போய்விட்டார்.

மணி மூன்று ஆகப்போகிறது. ஜனவரியில் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். தொண்ணூறு மைல், மலையிலிருந்து இறங்குகிற வளைவுச் சாலை, தூறல், எதிரே வருகிற வண்டி வெளிச்சம். பதினான்கு பிள்ளைகள். பின்சீட்டில் கீலி தூங்கிப்போனால் பலகை படிக்க ஆளிருக்காது.

நேராகச் சொல்லியிருக்கலாம். டெஸ், உங்களுக்குக் கண் தெரியவில்லை, நீங்கள் ஓட்டக் கூடாது. இரண்டே வாக்கியம். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது, இப்போதுதான் கேன்டீனே கைதட்டிய மனுஷனிடம், அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் மறுத்தால் நான் என்ன செய்வேன் என்றும் பயமாக இருந்தது. அவருடைய கோட்டு நாற்காலி முதுகில் தொங்கியது. பஸ் சாவி எப்போதும் அதன் வலது பையில்தான் இருக்கும். குனிந்து ஷூ கயிறு கட்டுகிற மாதிரி சாவியை எடுத்து என் சாக்ஸுக்குள் போட்டுக்கொண்டேன். நாற்பத்தேழு வயசில், வேதியியல் துறைத் தலைவி, திருடினேன்.

கிளம்பும் நேரம் வந்தது. டெஸ் வலது பையைத் தடவினார். இடது பையைத் தடவினார். "சாவியக் காணோம்," என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது. கேன்டீன் மேசைகளுக்கு அடியில் தேடினார்கள். உடை மாற்றும் அறையில் தேடினார்கள். கீலி குப்பைத் தொட்டியைக் கவிழ்த்தாள். பிறகு எல்லாரும் மைதானத்துக்குப் போனார்கள். டெஸ், தான் கொடி பிடித்து நடந்த எல்லைக்கோட்டில் முழங்கால் போட்டு, கையால் சேற்றைத் துழாவிக்கொண்டே போனார். அவருடைய நல்ல பேன்ட் முட்டி வரை கறுத்தது. என் சாக்ஸுக்குள் சாவி கணுக்காலைக் குத்திக்கொண்டே இருந்தது. நானும் குனிந்து குனிந்து தேடுகிற மாதிரி நடித்தேன். எழுந்திருங்கள் டெஸ், என்னிடம்தான் இருக்கிறது என்று சொல்ல இரண்டு தடவை பக்கத்தில் போனேன். இரண்டு தடவையும் மலைச்சாலையை நினைத்துத் திரும்பினேன்.

"ஸ்பேர் சாவி இல்லையா?" என்று கேட்டார் கிரகாம்.

"இருக்கு," என்றார் டெஸ், தலையைத் தூக்காமல். "எங்க பள்ளிக்கூட ஆபீஸ்ல. தொண்ணூறு மைல் தள்ளி."

"பூட்டு ரிப்பேர்காரன் யாரையாவது வரச் சொல்லட்டுமா? எனக்கு ஒருத்தனத் தெரியும்."

நான் வாயைத் திறப்பதற்குள் டெஸ் எழுந்து நின்றார். "சனிக்கிழம சாயங்காலம் எவன் வருவான்? வந்து எப்ப முடிப்பான்? பிள்ளைங்க நனைஞ்சு போயி நிக்குதுங்க. லோர்னா, வீட்டுக்கெல்லாம் போனப் போடு. அப்பன் ஆத்தாளுங்க வந்து கூட்டிட்டுப் போகட்டும். பஸ்ஸு இங்கயே கெடக்கட்டும்."

நான் செய்ய நினைத்திருந்ததை அவரே சொன்னார். அப்பாடா என்று இருந்ததில், அது ஏன் என்று நான் யோசிக்கவில்லை.

போன் பண்ணி வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஒரு அப்பா, "ஒம்பது வருஷமா நடத்துறீங்க, ஒரு சாவியப் பத்திரமா வச்சுக்கத் தெரியாதா?" என்று கேட்டார். ரூட்டாவின் பெற்றோர் இருவருக்கும் ஷெட்டில் மாலை ஷிஃப்ட். கிரகாமின் ஆட்கள் கேன்டீன் அடுப்பை மறுபடி மூட்டி டீ போட்டார்கள். பிள்ளைகள் கால் நீட்டிப் படுத்துக் கதை பேசினார்கள். அரையிறுதிக்குப் போன சந்தோஷத்தில் அவர்களுக்கு எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. டெஸ் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து, பேன்டில் காய்ந்த சேற்றை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் உட்காரவில்லை. எந்த முகத்தோடு உட்காருவது?

ஒவ்வொரு காராக வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனது. கடைசியாக வந்தது கீலியின் அம்மா மாண்டி. டெஸ் முன்சீட்டில், கீலியும் ரூட்டாவும் நானும் பின்னால். நன்றாக இருட்டிவிட்டது. பள்ளிக்கூட வாசலைத் தாண்டியதும் கீலி பழக்கத்தில் தொடங்கினாள்.

"பள்ளிக்கூடம், மெதுவாச் செல்லவும்!"

மாண்டி கண்ணாடியில் அவளைப் பார்த்தாள்.

"வளைவு, இடது பக்கம்! ரவுண்டானா வருது, ரெண்டாவது வழி!"

"ஏய், வாய மூடிட்டு வாடி," என்றாள் மாண்டி. "எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?"

முன்சீட்டில் டெஸ்ஸின் தலை அசையவில்லை. வைப்பர் இரண்டு தடவை போய் வந்தது. "படிக்கட்டும் விடும்மா," என்றார். "நல்லா படிக்கிறா." கோட்டுப் பையிலிருந்து பெப்பர்மின்ட் பையை எடுத்து, பின்னால் திரும்பாமல், தோளுக்கு மேலே நீட்டினார். கீலி ஒன்று எடுத்துக்கொண்டு, ரூட்டாவுக்கு ஒன்று கொடுத்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். சத்தமில்லாமல் அழ ஆசிரியைகளுக்கு நல்ல பயிற்சி உண்டு.

எங்கள் ஊருக்குள் வந்து முதலில் டெஸ்ஸின் வீடு. மாண்டி வாசலில் நிறுத்தி, அவர் போகும் வரைக்கும் வெளிச்சம் தெரியட்டும் என்று விளக்கை அணைக்காமல் வைத்திருந்தாள். டெஸ் கதவருகே போய்ப் பேன்ட் பையிலிருந்து ஒரு சாவிக்கொத்தை எடுத்தார். வீட்டுச் சாவியைத் தடவிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார். பூட்டைத் திறந்துவிட்டு, உள்ளே போகாமல், கொத்திலிருந்து ஏதோ ஒன்றைக் கழற்றிக்கொண்டு நின்றார். பிறகு காருக்குத் திரும்பி வந்து என் பக்கத்து ஜன்னலைத் தட்டினார். நான் கண்ணாடியை இறக்கினேன்.

சிவப்புப் பட்டை கட்டிய சாவி. மினி பஸ் சாவி, என் சாக்ஸில் இருப்பதன் ஜோடி.

"இதையும் வச்சுக்க," என்றார். "ரெண்டும் ஒரே எடத்துல இருக்கட்டும் கண்ணு."

அதை வாங்கிக்கொண்டேன். அவர் போகத் திரும்பியவர் நின்றார். "அந்த எட்டாம் நம்பர் பொண்ணுக்கு ஒரு டப்பா வாங்கி அனுப்பிடு. என்னமா ஆடுச்சுன்னு மத்தவங்க போட்ட சத்தத்துலயே தெரிஞ்சுது. பாவம், அதும் மூஞ்சி எப்படிப் போச்சோ." கதவு நிலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு படி ஏறி உள்ளே போனார்.

மாண்டி வண்டியைத் திருப்பினாள். கீலி என் உள்ளங்கையில் இருந்த சாவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ், ஸ்பேரு அவர்கிட்டயேவா இருந்துச்சு?" என்றாள். "அப்ப எதுக்கு அவ்ளோ நேரம் அவரு சேத்துல முட்டி போட்டு..."

பாதியில் நிறுத்திவிட்டாள். வாயிலிருந்த மிட்டாயைக் கடிக்காமல் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டாள். பதினைந்து வயசுப் பிள்ளை, நான் சீசன் முழுக்கப் பார்க்காததை அந்தத் தெருமுனைக்குள் பார்த்துவிட்டாள். அடுத்து ஒரு ரவுண்டானா வந்தது. பலகை வெளிச்சத்தில் பளபளத்தது. கீலி அதைப் பார்த்தாள், படிக்கவில்லை. அதற்கப்புறம் வந்த எதையும் படிக்கவில்லை.

ரூட்டாதான் பேசினாள், அன்றைக்கு முதல் தடவையாக.

"அரையிறுதிக்கு யாரு மிஸ் ஓட்டுவா?"

"தெரியலம்மா," என்றேன்.